ஹம்மர்ஃபெஸ்ட் பக்கம் குடிவாறவைக்கு: க்வால்சுண்ட் எண்ட பழைய கொம்யூனும் இப்பத்தைய நிர்வாகமும்

நோர்வேயின்ர வடக்கில பின்மார்க் மாகாணத்தில இருக்கிற ஹம்மர்ஃபெஸ்டில வேலை கிடைச்சு க்வால்சுண்டில வீடு பாக்கிற ஆக்கள் முதல் கேக்கிறது, பிள்ளைக்கு பார்ணஹாகவுக்கு (பாலர் பள்ளிக்கு) எந்தக் கொம்யூனுக்கு (ஊர்ச்சபைக்கு) அப்ளை பண்ணுறது எண்டுதான். ஹம்மர்ஃபெஸ்ட் கொம்யூனுக்குத்தான். க்வால்சுண்ட் தனிக் கொம்யூனா இருந்தது 2019 முடியும் மட்டும்தான், 2020 ஜனவரி 1ல ஹம்மர்ஃபெஸ்டோட சேந்திட்டுது. ஆனா தபால் விலாசம் இன்னும் 9620 க்வால்சுண்ட்தான், அதுதான் கனபேருக்குக் குழப்பம்.

வீட்டுப் பேப்பருகளில கொம்யூன் நம்பரும் மாறி மாறி இருக்கும். பழைய க்வால்சுண்டின்ர நம்பர் 2017 (அது வருசமில்லை), சேந்தாப்பிறகு 5406, 2024ல இருந்து 5603. ஒரே காணிதான், பயப்பிடாதேங்கோ. கடைசி மாற்றம் ஏனெண்டா மாகாணம் மாறினது. 2020ல பின்மார்க்கைப் பக்கத்து மாகாணம் துரொம்ஸோட ஒட்டிச்சினம், சனத்துக்கு அது துண்டற விருப்பமில்லை, 2018ல பின்மார்க்கில நடந்த வாக்கெடுப்பில 87 வீதம் வேண்டாம் எண்டு போட்டது, அப்பிடியும் ஒட்டி, நாலு வருசத்தில திரும்பப் பிரிச்சது.

இனிக் கொஞ்சம் பழைய கதை. நோர்வேயில ஊர்ச்சபை முறை 1837ல வந்த சட்டத்தில தொடங்கினது. ஹம்மர்ஃபெஸ்ட் 1789ல இருந்து டவுன், சுத்திவரக் கிடந்த நாட்டுப்புறம் வேற கொம்யூன். அந்த நாட்டுப்புறத்தில இருந்து 1869ல க்வால்சுண்ட் தனியப் பிரிஞ்சுது, மிச்சம்தான் பிறகு சோரோய்சுண்ட் எண்ட பேரில இருந்தது. சோரோய்சுண்ட் ஒரு விசித்திரம், டவுனைச் சுத்தி வளையம் மாதிரிக் கிடக்கும், ஆனா அதின்ர நிர்வாக மையம் தன்ர எல்லைக்குள்ள இல்லை, ஹம்மர்ஃபெஸ்ட் டவுனுக்குள்ள. 1992ல அதுவும் டவுனோட சேந்திட்டுது. ஃபோர்சோல் மாதிரி ஊருகளில வயசானவை "நாங்கள் சோரோய்சுண்ட்" எண்டு சொன்னா இதுதான் விசயம்.

இந்தப் பக்கம் நூறு வருசப் பழைய வீடு தேடிக் களைச்சுப் போகாதேங்கோ. 1944 இலையுதிர் காலத்தில ஜெர்மன் படை பின்வாங்கேக்க பின்மார்க்கை எரிச்சுக்கொண்டுதான் போனது, சனத்தைக் கட்டாயமா வெளியேத்தினது, போக மறுத்தவை சோரோயாத் தீவில குகையளுக்குள்ள குளிரில இருந்திச்சினம், அதில சுமார் 500 பேரை 1945 பெப்ரவரியில நேச நாட்டுப் போர்க்கப்பலுகள் வந்து ஏத்தினது. ஹம்மர்ஃபெஸ்ட் டவுனில மயானத்தில இருந்த ஒரு சின்னத் தேவாலயம் மட்டும்தான் மிஞ்சினது. அதுதான் இஞ்ச எல்லாக் கரையோர ஊரிலயும் ஒரே மாதிரிச் சின்னப் பலகை வீடுகள், எல்லாம் போருக்குப் பிறகு கட்டினது. அந்தக் கட்டுமானத்துக்குக் கடன் குடுத்த ஹுஸ்பாங்கன் எண்ட அரசாங்க வீட்டுக்கடன் வங்கி 1946ல தொடங்கினது. இப்பவும் வங்கிக் கடன் முழுசாக் கிடைக்காதவை கொம்யூன் ஊடாகக் கேக்கிற ஸ்டார்ட்லோன் அவையின்ர காசுதான், கேட்டுப் பாருங்கோ.

சரி, இப்ப ஆர் என்ன செய்யிறது? பார்ணஹாக, பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம், குடும்ப டொக்டர், வயசானவையின்ர பராமரிப்பு, தண்ணி, கழிவு, கட்டட அனுமதி எல்லாம் கொம்யூன். விதெரகோவெண்ட எண்ட பத்தாம் வகுப்புக்குப் பிறகான பள்ளிக்கூடமும் பஸ்ஸும் மாகாணம். ஆஸ்பத்திரி அரசாங்கம். இது தெரியாமல் பஸ் வரேல்லை எண்டு கொம்யூன் ஒபிசில போய்ச் சண்டை பிடிச்சுப் பிரயோசனமில்லை. பார்ணஹாக பின்மார்க்கில 2023 ஓகஸ்டில இருந்து இலவசம், தெற்கில இருந்து வாறவை இதை நம்பமாட்டினம்.

கொம்யூனுக்கு மேல இருக்கிறது கொம்யூனஸ்தீர, நாங்கள் வாக்குப் போட்டுத் தெரியிற சபை. அதுக்குள்ள இருந்து சின்னக் குழு ஒண்டு, ஃபோர்மன்ஸ்காப். தலைவர் ஓர்ட்ஃபோரர், அவர் அரசியல்வாதி. ஒபிசை நடத்திற கொம்யூன டிரெக்டர் சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள். ஓர்ட்ஃபோரர் சின்னப் பதவி எண்டு நினைக்காதேங்கோ, ஹம்மர்ஃபெஸ்டில அந்தக் கதிரையில இருந்த மரியான்ன சீவெர்ட்சன் நெஸ்தான் 2024ல மீன்பிடி அமைச்சரா வந்தவ.

இந்தச் சபைக்குப் பெரிய பலம் காணித் திட்டத்திலதான் இருக்கு. க்வால்சுண்ட் பக்கம் இருக்கிற ரெப்பர்ஃபியோர்டில நுஸ்ஸிர் செப்புச் சுரங்கத்துக்கான திட்டத்துக்கு ஓம் எண்டது 2012ல பழைய க்வால்சுண்ட் சபை. சுரங்கக் கழிவைக் கடலுக்குள்ள கொட்டுறது எண்டபடியால் மீன்பிடிக்காரரும் மான் வளக்கிற சாமி எண்ட பூர்வகுடி ஆக்களும் எதிர்ப்பு, வேலை வேணும் எண்டவை ஆதரவு. இப்பவும் ஊரில சூடான கதை, வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில ஒருபக்கம் பேசமுன்னம் பக்கத்தில இருக்கிறது ஆரெண்டு பாருங்கோ. மான் எண்டாப்போல, இலையுதிர் காலத்தில மந்தையள் க்வால்சுண்ட் பாலத்துக்குக் கிட்டக் கடலை நீந்திக் கடக்கும், றோட்டிலயும் வந்து நிக்கும், மெதுவா ஓடுங்கோ.

வாக்கு விசயம். சிட்டிசன் இல்லாட்டியும், தேர்தல் நாளுக்கு முன்னம் தொடர்ந்து மூண்டு வருசம் நோர்வேயில பதிஞ்சிருந்தா கொம்யூன் தேர்தலில போடலாம். அடுத்தது 2027 செப்டெம்பர். அதுக்கு முதலே ஏதும் கேக்கோணுமெண்டா, வாக்குரிமை இல்லாட்டியும் பரவாயில்லை, 300 பேரின்ர கையெழுத்து எடுத்து ஒரு கோரிக்கை குடுத்தா ஆறு மாசத்துக்குள்ள சபை அதைப் பற்றி முடிவெடுக்கோணும், சட்டம் அப்பிடி. கையெழுத்துப் போடுறவை அந்தக் கொம்யூனில இருக்கிறவையா இருக்கோணும், பக்கத்துக் கொம்யூன் ஆல்தாவில இருக்கிற மச்சானிட்ட வாங்கிறது கணக்கில வராது.