மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பார்த்தேன்

நெடுநேரம் காத்திருந்து உள்ளே சென்ற என்னிடம், மருத்துவர் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே, இரத்த அழுத்தம் 160/96 இருப்பதாகவும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்றும் கூறிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். அந்த அளவோ, நான் மாடியேறி வந்ததும் வராததுமாக, மூச்சிரைப்பு அடங்குமுன், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, செவிலியர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் முறை முடிந்துவிட்டதுதான் என்னை மிகவும் வருத்தியது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்து, ஒரு வாரம் மாத்திரையின் பழைய அளவையே தொடர ஒப்புதல் பெற்றேன். மேற்கையில் கட்டும் கருவியைக் கொண்டு, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்த பிறகே பொத்தானை அழுத்தினேன். (கால்மேல் கால் போட்டிருந்தால்கூட அளவு ஏறிவிடும்.) முதல் நாளை ஒதுக்கிப் பார்த்தபோது சராசரி 128/80. வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை.

அடுத்த முறை, உட்காரும் முன்பே அந்த அளவுகளைக் குறித்துவைத்த தாளை மருத்துவரின் கையில் கொடுத்தேன். அவர் வரிவரியாகப் படித்து, சிறிது நேரம் அமரவைத்துத் தாமே மீண்டும் அளந்து, பழைய மாத்திரையே போதும் என்று எழுதித் தந்தார்.