கியர் விழவில்லையா? ஜாக்கியை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்ற வாரம் பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு சிறிய கார் வந்தது. "காலையிலிருந்து கியர் விழவே மாட்டேன் என்கிறது அண்ணா" என்று உரிமையாளர் சொல்லி வாய் மூடவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஆறு மாதமாக என்னிடம் தொழில் பழகும் தம்பி ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். "கிளட்ச் பிளேட் போய்விட்டது அண்ணா. கியர்பாக்ஸை இறக்கிவிடுவோம்."

இதே சொற்களை இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே ஊரில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கிளட்ச் வேலையில் நாங்கள் செய்யும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன்.

எந்தக் கோளாறுக்கும் "பிளேட் போய்விட்டது" என்பது

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் பணத்தை அதிகம் வீணடிக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது இப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கிளட்சுக்கு வரும் நோய்கள் அடிப்படையில் இரண்டு. ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றொன்று, விட வேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்துக்கும், ஸ்பிரிங் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட் நசுங்கி நிற்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் விரல்களை (விரல்போல் நீண்ட ஸ்பிரிங் தகடுகளை) அழுத்துகிறது. நசுக்கிய பிடி தளர்ந்து பிளேட் விடுபடுகிறது. பிளேட்டின் மேலுள்ள லைனிங், அதாவது உராய்ந்து பிடிக்கும் மேற்பரப்பு, தேயத் தேய இந்தப் பிடி குறையும். ஆகவே தேய்ந்த பிளேட் வழுக்கும். விடாமல் பிடித்துக்கொள்ள அதற்குத் தெம்பே கிடையாது.

கியர் விழாதது இரண்டாவது வகை நோய். அதற்கான காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் இதே பகுதியில் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தேன். மர்ஃபி டவுனில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய காரைக் கொண்டுவந்தார். காலையில் கியர் நன்றாக விழுகிறது, ஓசூர் சாலை நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தால் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் வருகிறது என்று பொறுமையாக விளக்கினார். இதைவிடத் தெளிவாக எவரும் நோயைச் சொல்ல முடியாது. நான் காதில் வாங்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கினேன். வெளியே வந்த பிளேட்டைக் கையில் எடுத்தபோதே வயிற்றைப் பிசைந்தது. லைனிங்கில் ரிவெட்டுகள் ஆழமாகப் பதிந்திருந்தன, அதாவது லைனிங் அதிகம் தேயவில்லை. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய பிளேட் அது. இறக்கியாகிவிட்டதே என்று ஜே.சி. சாலைக்குப் போய்ப் புது செட் வாங்கிப் பூட்டி, முழுப் பணத்தையும் வாங்கினேன்.

இரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். அதே குறை. பட்டறைக்காரர் என்னைத் திட்டவில்லை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த, திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்ல நெம்பினார். உள்ளே தேங்கியிருந்த கறுத்த திரவம் அவர் விரலில் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியது. அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். கசிந்தது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் சீல். சில நூறு ரூபாயில், ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். பூட்டிவிட்ட பாகங்களின் விலையை அவரே ஏற்றுக்கொண்டார். அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஆகவே முதலில் சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் விடவில்லை என்று பொருள். நிறுத்திய நிலையிலும் இறுக்கமாக இருந்தால் கியர் லீவரையோ அதன் இணைப்புகளையோ கியர்பாக்ஸையோ பாருங்கள். கிளட்சைக் குற்றம் சொல்ல வேண்டாம். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுவதும் மிதித்து மூன்று நான்கு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லாததால், பிளேட் சிறிதளவு சுழன்றாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுப் போடுங்கள். அப்போது மட்டும் விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. வெளியே கசிவே தெரியாமல் பெடல் காலடியில் மெல்ல அமிழ்ந்தால் பெடலோடு இணைந்து திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள்.

காலடி விரிப்பு மடிந்து பெடலின் அடியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தும் கியர் விழவில்லை என்றால்தான் உடைந்த ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை), வளைந்த பிளேட், முறிந்த விரல் என்று உள்ளே தேட வேண்டும். சென்ற வாரத்து வண்டியில் அந்த அவசியமே வரவில்லை. கிளட்ச் கேபிளின் முனையில் பாதி இழைகள் அறுந்து விளக்குமாறு போல் விரிந்திருந்தன.

வழுக்கலைச் சோதிப்பது இன்னும் எளிது. காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றால் பிளேட்டைப் பற்றிப் பேசலாம்.

நெடுநாள் நின்ற வண்டி

2020 ஊரடங்கு தளர்ந்த பிறகு இப்படிப்பட்ட வண்டிகள் நிறைய வந்தன. மாதக்கணக்கில் அடித்தளப் பார்க்கிங்கின் ஈரத்தில் நின்றதில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, எதிரே ஆளில்லாத திடலில், இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மாறி மாறி அழுத்தியும் தளர்த்தியும் வந்தால் பல வண்டிகளில் 'டக்' என்று விடுபட்டுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆனதுமே நகரும்; பிரேக்கின் மேல் கால் தயாராக இருக்கட்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் இதைச் செய்யாதீர்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் மூழ்கியவை போன்ற வண்டிகளை முதலில் இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேபிளை முறுக்கி இறுக்குவது

பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். அதனால் பெடலின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று அசைவு குறையும். அந்த அசைவு தேவையானது. அது இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். "பெடல் தொளதொளவென்று இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னதற்காகக் கேபிளை இறுக்கினால், நல்ல பிளேட்டும் வழுக்கிக் கருகும். எவ்வளவு அசைவு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் இருக்கிறது, கையால் பெடலை அழுத்தி, அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள்.

எண்ணெய் குடித்த பிளேட்டை மட்டும் மாற்றுவது

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புது பிளேட்டைப் பூட்டினால் அதுவும் எண்ணெய் குடிக்கும். முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் சீல். இல்லையென்றால் இன்ஜின் ஆயில், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். பழைய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் பூட்டும் வேலையே வேண்டாம். லைனிங் உறிஞ்சியது வெளியே வராது.

பேரிங் சத்தம்

மிதித்தால் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்.

பெடலின் மேலேயே கால் வைத்து ஓட்டுவது

இது கிளட்சைத் தேய்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கால்தான் கேட்பதில்லை.

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது அவசரப்படுவது

கியர்பாக்ஸின் முழு எடையும் பிளேட்டின் நடுத்துளையில் தொங்கும்படி ஒரு நிமிடம் விட்டாலும் போதும், பிளேட் வளைந்துவிடும். பிறகு புது பிளேட்டோடு கியர் விழாத வண்டி கையில் கிடைக்கும். இரண்டு பேர் தாங்குங்கள், அல்லது ஜாக்கி கொடுங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். புது பிரஷர் பிளேட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்தெடுங்கள். ஷாஃப்ட்டின் பற்களுக்கு கிரீஸ் பூச்சளவே போதும்; அதிகமானால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் விழும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது

ஹைட்ராலிக் கிளட்சுக்கு ஊற்றுவது பிரேக் திரவம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே குடுவைதான். அதில் இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். கிளட்சோடு பிரேக்கும் போகும். உயிர் போகும் விஷயம் இது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 திரவத்துக்கு, புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரி. எனவே என்றோ திறந்து அலமாரியில் கிடக்கும் பாதி பாட்டிலை ஊற்றாதீர்கள். எந்த வகை வேண்டும் என்பது குடுவையின் மூடியிலேயே இருக்கிறது. திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் மணல் துகள் கீறுவது அதே சீலைத்தான்.