லைவ் ராக்கில் தொத்திக்கொண்டு வந்தது யார்? புதியவர்கள் கண்டுபிடிக்கும் வழி

பவளங்களும் மீன்களும் வளர்க்கும் கடல்நீர் ரீஃப் தொட்டியைப் புதிதாகத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "பாறையிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்க்குது, எப்படிக் கொல்வது?" என்பதுதான். அவர்களை நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: "இது யார்?" லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை. அதோடு வரும் உயிர்களில் பெரும்பாலானவை தொட்டிக்கு வேலைக்காரர்கள். மிச்சத் தீனியைத் தின்னும், பாசியை மேயும், மணலைக் கிளறும். பெயர் தெரியாமல் கை வைத்தால் நல்லதைக் கொன்றுவிட்டுக் கெட்டதை வளர்த்துவிடுவோம்.

படி 1: தொட்டிக்கு முன் வாளி

வெள்ளை வாளி ஒன்றில் தொட்டியில் உள்ள அதே உப்பு அளவில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் 1.025 முதல் 1.026 வரை அடர்த்தி இருந்தால் போதும். பாறையை அதில் முக்கி, மெதுவாகத் திருப்பி, லேசாக உலுக்குங்கள். வாளியின் அடியில் ஏதாவது ஓடும், நெளியும். வெள்ளைப் பின்னணியில் சின்ன உயிர்களும் பளிச்சென்று தெரியும் என்பதால்தான் வெள்ளை வாளி.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாறையில் ஜோவாந்திட், பேலித்தோவா வகைப் பவள உயிர்கள் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பூச்சிகளைக் கொல்லலாம் என்று லைவ் ராக்கை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியைச் சுவாசித்து, மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், சுடுநீர் ஊற்றாதீர்கள், பிரஷ்ஷால் தேய்த்து நீரைத் தெறிக்க விடாதீர்கள்.

படி 2: தனித் தொட்டியில் சில வாரம்

முடிந்தால் பாறையைத் தனித் தொட்டியில் ஹீட்டரும் நீரோட்டமும் கொடுத்துச் சில வாரம் வையுங்கள். பயணத்தில் செத்தவை அழுகி அம்மோனியா ஏறும். அதைச் சோதித்து நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒளிந்திருப்பவர்களும் இந்த நாட்களில்தான் வெளியே வருவார்கள்.

படி 3: இரவில் சிவப்பு வெளிச்சம்

பகலில் பார்த்துவிட்டுப் பாறையில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் தாளைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. அசையாமல் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் குட்டி இறால் போன்ற ஆம்பிபாட்கள் தத்தித் தத்தி ஓடும். அப்புறம் ஒரு பொந்திலிருந்து வெள்ளை நூல் ஒன்று மணலைத் தடவிக்கொண்டு நீளும், இன்னொன்று நீளும், பிறகு ஏழெட்டு. அது ஸ்பகெட்டி புழு. உடம்பு உள்ளேயே இருக்கும், நூல்கள் மட்டும் தீனித் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டு போகும். பரம சாது.

பார்த்ததை எந்தப் பொந்து, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். அடுத்த இரவு அதே பொந்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

படி 4: எதைப் பார்த்து அடையாளம் சொல்வது

நிறத்தை நம்பாதீர்கள். உடல் அமைப்பைப் பாருங்கள்.

*ஒட்டியிருக்கும் பூ போன்றவை.* பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் தண்டு, நீண்டு கூர்ந்த விரல்கள், தொட்டால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கினால் அது ஐப்டாசியா. விரல் நுனி குமிழாக, குட்டையாக, பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் மஜானோ. இரண்டும் கடல் சாமந்தி இனம், இரண்டும் பக்கத்துப் பவளங்களைக் கொட்டும். என் முதல் ஐப்டாசியாவைச் சாமணத்தால் பிடுங்கினேன். அடிப்பாகம் பாறையில் தங்கிவிட்டது. சில வாரத்தில் அதே இடத்தைச் சுற்றி ஆறேழு குட்டிகள். கிழிந்த துணுக்கிலிருந்தும் முழு உயிராக வளரக்கூடியது அது. அன்றிலிருந்து அதைப் பிய்ப்பதில்லை. கால்க்வாசர் என்று விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் நீரில் குழைத்து, பம்பை நிறுத்தி, சிரிஞ்சால் அதன் வாய் மேல் விட்டு மூடுகிறேன். இந்தக் குழம்பு காரத்தன்மை மிகுந்தது, அதனால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். நிறைய இருந்தால் பெப்பர்மின்ட் இறாலோ, ஐப்டாசியாவை மட்டுமே உண்டு வாழும் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையோ உதவும்.

*குழாய்கள்.* கண்ணாடியிலும் பாறையிலும் சில மில்லிமீட்டர் அளவில் தட்டையாகச் சுருண்ட வெள்ளைக் கூடுகள், நுனியில் குட்டி விசிறி இருந்தால் ஸ்பைரார்பிட் புழு. நீரை வடிகட்டித் தின்பதோடு சரி, விட்டுவிடலாம். குழாய் நிமிர்ந்து நின்று, விசிறி இல்லாமல், வாயிலிருந்து சிலந்தி நூல் போல் சளி இழை மிதந்தால் வெர்மெட்டிட் நத்தை. அந்த நூல் பட்டுப் பவளங்கள் சுருங்கும். குழாயை அடியோடு நொறுக்குங்கள், அல்லது சூப்பர் குளூவால் வாயை அடைத்துவிடுங்கள்.

*புழுக்கள்.* இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து, இரு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து உள்ள பிரிசில் புழுவைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுகிறார்கள். பெரும்பாலும் அது துப்புரவுப் பணியாளர். செத்துக்கொண்டிருக்கும் பவளத்தின் மேல் அதைப் பார்த்ததும் அதுதான் தின்றது என்று முடிவு செய்யாதீர்கள், பவளம் அழுகிய பிறகு வாசம் பிடித்து வந்திருக்கும். வெறுங்கையால் மட்டும் தொடக்கூடாது, முடிகள் தோலில் ஏறி எரியும். ஏறிவிட்டால் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள்.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. அட்லாண்டிக் கடல் பாறைகளில் வரும் தாடி நெருப்புப்புழு ஒன்று. முடிக்கொத்துகளின் அடியில் சிவந்த செவுள்களும் தலையில் சதை மடிப்பும் இருக்கும், பவளத்தை உண்மையிலேயே தின்னும். இன்னொன்று யூனிசிட் புழு. வானவில் மினுமினுப்பு, தலையில் ஐந்து உணர்கொம்புகள். மீனையே பிடித்துத் தின்னும் பாபிட் புழு இந்தக் குடும்பம்தான். தலையை நெருக்கத்தில் படம் எடுத்து கொம்புகளை எண்ணுங்கள்.

*நண்டுகள்.* இடுக்கியின் நுனியைப் பாருங்கள். கரண்டி போல் குழிந்திருந்தால் பாசி மேயும் எமரால்ட் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கூராகவும் கறுப்பாகவும் இருந்து, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கிளைப் பவளத்துக்குள் குடியிருக்கும் வழவழப்பான சின்ன நண்டு டிரபீசியா. தன் பவளத்தைக் காவல் காக்கும் நண்டு அது, அதைப் பிரிக்காதீர்கள்.

*நத்தைகள்.* ஓட்டின் வாய் ஓரத்தில் குழாய் நீட்ட ஒரு வெட்டு இருந்தால் ஊனுண்ணியாக இருக்கலாம். செரித் நத்தைக்கும் அந்த வெட்டு உண்டு, அது பாசி மேய்வது. எனவே இந்த ஒரு அடையாளத்தை வைத்துத் தண்டிக்க வேண்டாம், என்ன தின்கிறது என்று பாருங்கள். எட்டுத் தகடுகள் அடுக்கியது போன்ற முதுகு கைட்டன், நல்லது.

*இரவில் டிக், டிக் சத்தம்.* துப்பாக்கி இறாலா, மாண்டிஸ் இறாலா? ஒரு இடுக்கி மட்டும் மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் துப்பாக்கி இறால், பொதுவாகத் தொல்லையில்லை. காம்பில் சுழலும் கண்களும், கும்பிடுவது போல் மார்போடு மடித்த முன்கைகளும் இருந்தால் மாண்டிஸ். நண்டு, நத்தை, சின்ன மீன் எதுவும் அதற்கு மிஞ்சாது.

படி 5: வெளியேற்றுவது

பொந்தில் இருப்பது நண்டோ மாண்டிஸோ என்றால், அந்தப் பாறையைத் தூக்கி நீருக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் மட்டும் உப்பு கூடிய நீரைச் சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். பெரும்பாலும் வாளிக்குள் குதித்துவிடும். புழுவுக்கு, சின்ன ஓட்டை போட்ட மூடிய டப்பாவில் இறால் துண்டு வைத்து இரவில் மணல் மேல் வையுங்கள், காலையில் உள்ளே இருக்கும்.

பிடித்ததைக் கொல்லவேண்டிய அவசியம் இல்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியில் நண்டு நன்றாக வாழும். மாண்டிஸுக்குத் தனித் தொட்டி. எதுவானாலும் கடலிலோ ஆற்றிலோ விடக்கூடாது, பாறை எந்தக் கடலிலிருந்து வந்ததோ தெரியாது.

கைகள் சமமில்லாத குட்டி நட்சத்திர மீன் அஸ்டெரினாவைப் பற்றித்தான் எனக்கு இன்றும் முடிவாகச் சொல்ல முடிவதில்லை. இரண்டாகப் பிளந்து பெருகுவதால் கைகள் அப்படி. பெரும்பாலும் பாசியைத்தான் மேயும், சில வகைகள் ஜோவாந்திடைத் தின்னும். ஜோவாந்திட் கொத்தின் மேல் தொடர்ந்து இரண்டு மூன்று இரவு ஒன்று உட்கார்ந்திருந்து, காலையில் அந்த இடம் மூடிக் கிடந்தால், அதை மட்டும் எடுத்து சம்ப்பில் போடுங்கள். மற்றவை இருக்கட்டும்.