கடலுக்கும் உப்பளத்துக்கும் கிளம்புமுன்: சர்க்கரை நோயுள்ள உழைப்பாளிகளுக்குக் காலை உணவு

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவதைச் சர்க்கரைக் கட்டுப்பாடு என்று நம் இராமநாதபுரம் கடற்கரையில் பலர் நம்புகிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளர்கள், விடியுமுன் வள்ளம் ஏறும் மீனவர்கள் எல்லோருக்கும் இது ஆபத்தான பழக்கம். உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்கின்றன. மாத்திரையும் சேர்ந்து இறக்கினால், கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது தலை சுற்றும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முதலில் உங்கள் மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உணவைத் தவிர்க்கவே கூடாது. இவை சர்க்கரையைத் தாழ்நிலைக்கே கொண்டுபோகக் கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த அபாயம் குறைவு. மாத்திரைச் சீட்டை மருந்தகத்தில் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 80 முதல் 130 வரை இருந்தால் நல்லது. மேலே சொன்ன மருந்துக்காரர்களுக்கு 90-க்குக் கீழே காட்டினால், சாப்பிடாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். 250-க்கு மேல் போய், உடம்பும் சோர்ந்து வாந்தி வருகிறது என்றால் அன்று வேலைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

இனித் தட்டு. கால் பங்கு தானியம், கால் பங்கு மீன், முட்டை அல்லது பயறு, மீதிப் பாதி கீரையும் காயும். இதுதான் அடிப்படை. நாள் முழுக்கக் கனமான வேலை என்றால் தானியத்தைச் சற்றுக் கூட்டலாம். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்பார்கள். நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் செரிக்கும். மென்று தின்கிற பதமே மேல்.

அதற்கு நான் முதலில் கைகாட்டுவது குதிரைவாலி அடை. நம் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற தானியம்தான். முதல் நாள் இரவே ஒரு டம்ளர் குதிரைவாலியும், அரை டம்ளர் பாசிப்பயறும், அரை டம்ளர் கடலைப்பருப்பும் ஊறப்போடுங்கள். காலையில் நீரை வடித்து, இரண்டு முண்டு மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். விரலில் தேய்த்தால் ரவை போல நெருட வேண்டும். அதைத் தாண்டி அரைக்காதீர்கள். புளிக்கவைக்கத் தேவையில்லை. உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, நறுக்கிய சின்ன வெங்காயம் கலந்து, காய்ந்த கல்லில் தடிமனாகத் தட்டுங்கள். நடுவில் ஒரு துளை போட்டு அதில் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூடிவையுங்கள். ஓரம் சிவந்து, கல்லைவிட்டுத் தானே கிளம்பும்போது திருப்புங்கள்.

நடுத்தர அளவில் இரண்டு அடை, அதோடு முந்தைய நாள் சூடை மீன் குழம்போ நெத்திலி அவியலோ வைத்துக்கொள்ளுங்கள். மீனை முதலில் சாப்பிட்டு, கீரை கலந்த அடையைப் பின்னால் தின்றால் சர்க்கரை மெதுவாக ஏறும். மீன் கிடைக்காத நாளில் இரண்டு அவித்த முட்டை. 12 கிராம் புரதம் அதில் வந்துவிடும். கருவாடு தினமும் வேண்டாம், இரத்த அழுத்தக்காரர்களுக்கு அந்த உப்பு ஆகாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பயறு, மீன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனை நாட்டில் பிறந்த நமக்குக் கருப்பட்டி மேல் பாசம் அதிகம். ஆனாலும் சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் கருப்பட்டியும் சீனியைப் போலவே ஏறும். பதநீரும் அப்படித்தான். டீயில் சீனியும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம்.

சீனி இருக்க வேண்டிய இடம் உங்கள் மடி. 15 கிராம், அதாவது குவித்த மூன்று தேக்கரண்டி சீனியை, நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் முடிந்துகொள்ளுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, பார்வை மங்கல் தெரிந்தால் உடனே தண்ணீரைவிட்டு மேலே வாருங்கள். சீனியைக் குடிதண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். தெளியவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அடையில் ஒன்றைச் சாப்பிட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது கூட வருகிற ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும் சொல்லிவையுங்கள்.

முதல் வாரம், சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். 180-ஐத் தாண்டினால் மறுநாள் ஒரு அடையைக் குறையுங்கள், மீனைக் குறைக்காதீர்கள். 70-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அளவு கூடியிருப்பது மாத்திரையாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், எண்களை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.