வணிகப் பள்ளியின் வெளி ஆலோசனைக் குழு: கூட்டம் உருப்பட

பாடத்திட்டம் பற்றி யோசனை சொல்லும் இந்தக் குழுவுக்கு 8 முதல் 12 பேர் போதும். மலேசியாவின் பினாங்கில் என்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை மேலாளர், வங்கியாளர், சிறுதொழில் முதலாளி, முன்னாள் மாணவர் என்று கலந்து எடுங்கள். டத்தோ என்ற அரச விருதுப் பட்டத்துக்காக மட்டும் யாரையும் சேர்க்க வேண்டாம்; படம் எடுக்க நிற்பார், கூட்டத்துக்கு வரமாட்டார். பதவிக்காலத்தை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், 2 ஆண்டு சரி. பாடத்திட்டத்தை ஏற்பது செனட்டின் (பல்கலைக்கழகக் கல்விப் பேரவையின்) வேலை, குழுவுடையதல்ல என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: டீன் ஒரு மணி நேரம் சிலைடு காட்டுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 2 வாரம் முன்பே பாடத்திட்டத்தை அனுப்பி, “இன்டர்ன்ஷிப் வந்த மாணவருக்கு எக்செலில் எது வரவில்லை?” என்பதுபோல் 3 கேள்விகள் வையுங்கள். மினிட்ஸில் ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே பொறுப்பாளர், கெடு தேதி, ஏற்காவிட்டால் காரணம். எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) ஆய்வின்போது கைகொடுப்பதும் அந்தப் பதிவுதான். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் வைக்காதீர்கள்.