கோணிப்போன லினன் சட்டை

சித்திரை வெயிலில் மதுரையில் கம்பளி நூலா? ஆளி நாரில் திரித்த லினன் நூலில் கையில்லாத சட்டை பின்னினேன். ஒரே துவைப்பில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு நேரே வந்து நின்றது! ஆளி நாருக்குக் கம்பளிபோல மீளும் குணம் கிடையாது; நூலில் ஏறிய முறுக்கு துணியையே கோணலாக்கிவிடும். வழுக்கும் ஸ்டீல் ஊசியால் லூப்பும் ஒரே அளவில் விழவில்லை.

சரி என்று அத்தனையையும் பிரித்தேன். வயிற்றெரிச்சல்தான். நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி, வெந்நீரில் ஊறவைத்து, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். அப்புறம் மூங்கில் ஊசி. ஒரு லூப் நேர் (முன்பக்கம் இழுப்பது), ஒரு லூப் எதிர் (பின்பக்கம் இழுப்பது), அடுத்த வரிசையில் மாற்றி. இதில் இரு பக்க இழுவையும் சமமாகிவிடும். முதலில் 15 செ.மீ. சதுரம் பின்னித் துவைத்து, கிளிப்பில் தொங்கவிட்டு அளந்தேன்: நீளம் 1 செ.மீ. கூடியிருந்தது. அந்தக் கணக்கில் சட்டை நீளத்தைக் குறைத்தேன். இப்போது தையல் இடுப்போரம்தான் இருக்கிறது.