பட்டுக்கூட்டிலிருந்து திசு ஆய்வுக்கு: உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களுக்கு

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். கைகால் கழுவாமல் புழு மனைக்குள் கால்வைக்க அம்மா விடமாட்டார். இன்று செல் வளர்ப்பு அறையில் எனக்கு உதவுவது அந்தப் பழக்கம்தான். பழுதான திசுக்களை மீண்டும் வளர்க்க முயலும் மீளுருவாக்க மருத்துவ ஆய்வுக்கு வர விரும்பும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

உயிரியல் தெரியாதே என்று தயங்காதீர்கள். செல்கள் பற்றிப் படர ஒரு சாரம் வேண்டும். கட்டடத்துக்குக் கட்டுவது போன்ற அதை வடிவமைப்பது பொறியாளரின் வேலை. எனவே முதலில் சாரம் செய்ய உதவும் ஒரு பொருளை ஆழமாகப் படியுங்கள். தருமபுரி அங்காடிக்கு வரும் பட்டுக்கூடே போதும். கல்லூரி ஆய்வகத்தில் 2 லிட்டர் நீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட்டைக் கரைத்து, புழு நீக்கி நறுக்கிய 5 கிராம் கூட்டை அதில் 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். செரிசின் என்ற பசை கரைந்துபோய் ஃபைப்ராயின் என்ற புரத இழை மிஞ்சும். நேரத்தில் கவனம் தேவை. நான் முதன்முறை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். புரதச் சங்கிலிகள் அறுபட்டு, அதில் செய்த படலம் இடுக்கியால் தூக்கும்போதே கிழிந்தது. உலர்ந்த இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் 4 மணி நேரம் கரைத்து, டயாலிசிஸ் மூலம், அதாவது மெல்லிய சவ்வு வழியே நீருக்குள் கசியவிட்டு, உப்பை நீக்கினால் படலம் வார்க்கலாம். அதன் இழுவலிமையை அளந்து குறித்துவையுங்கள்.

அந்த அளவீடுகளோடு கோடை விடுமுறைப் பயிற்சி கேட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், வேலூர் சி.எம்.சி. வளாகத்தின் ஸ்டெம் செல் (பிற செல் வகைகளாக மாறவல்ல மூலச் செல்) ஆய்வு மையம், பெங்களூரு இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனம் மூன்றும் நமக்கு எட்டும் தொலைவுதான். பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் நம் துறைக்குத் தனித்தாள் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வு வழியாகச் சேரும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்கு அஞ்சுங்கள். அது செல் வளரும் ஊட்டக் கரைசலைக் கலங்கலாக்காது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் அடங்காது. மாதந்தோறும் சோதிக்காததால் நான்கு மாத அளவீடுகளை இழந்தேன்.

ஊரில் உங்களிடம் சிகிச்சை கேட்டு வருவார்கள். 2017 தேசிய வழிகாட்டுதல்படி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட இரத்த நோய்ச் சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்குச் செலுத்தக் கூடாது. இதை எளிய தமிழில் சொல்லப் பழகுங்கள். முழங்கால் வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போட என் பெரியப்பா மாந்தோப்பை அடமானம் வைக்கவிருந்தார். அரை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். அதன்பிறகே பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.